அகலமான பட்டை

கர்ப்பமானதும் நடந்த முதல் பரிசோதனையில் என் எடை 84 கிலோ, உயரம் 156 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 34ஐத் தாண்டியிருந்தது. இந்தியர்களான நமக்கெல்லாம் 25 வந்தாலே உடல்பருமன்தானாம். திட்டு விழும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மருத்துவரோ, "எடையைக் குறைக்க இது நேரமில்லை. பிரசவம்வரை 5 முதல் 9 கிலோவுக்குள் கூடினால் போதும்" என்றார். கையில் ஓர் எண் கிடைத்ததே பாதி நிம்மதி. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்பது என் மாமியாரின் கட்சி; அந்த எண்ணைச் சொல்லித்தான் அத்தையைச் சமாளித்தேன்.

முதல் பிரசவம், அதோடு பருமன் என்பதால் 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தார். கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி வலிப்புவரை போகாமல் தடுக்கத்தான். நாமாக வாங்கிப் போடக்கூடாது.

ஆறாம் மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வேறொரு மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அதற்குக் கட்டும் பட்டை என் கையைச் சுற்றி முழுதாக வரவில்லை. காற்று ஏற ஏற 'சர்ர்' என்று பிரிந்தது. நர்ஸ் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பார்த்து 150/96 என்று எழுதினார். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் என் மருத்துவர் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, அலமாரியிலிருந்து அகலமான பட்டையை எடுத்துக் கட்டினார். 126/80! பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டுமாம். அதிலிருந்து எங்கே போனாலும் பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சர்க்கரையில் அப்படித் தப்ப முடியவில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, குமட்டலை அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். 140க்குள் இருக்க வேண்டியது 158. என் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், என் இன்சுலின் போகாது. குழந்தை தானே இன்சுலின் சுரந்து கொழுக்கும் என்று படம் போட்டு விளக்கினார்கள். சோற்றை டம்ளரால் அளந்தேன், பொரியலைக் கூட்டினேன், சாப்பிட்டதும் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடந்தேன். வளைகாப்பன்று ஐந்து வகைச் சோறு எதிரே இருக்க, ஆளுக்கொரு கை ஊட்ட வந்தார்கள். நான் தயிர்ச்சோற்றில் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டேன். பெரியம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்படியும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 95க்குக் கீழே இறங்கவில்லை. 32ஆம் வாரம் இன்சுலின் தொடங்கினார்கள். தோற்றுவிட்டதாக நினைத்து ஒருநாள் அழுதேன். வீண் அழுகை, ஊசி எறும்புக்கடிதான்.

கடைசியில் சிசேரியன். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, மறுநாளே நடக்கவைத்தார்கள். பெண் குழந்தை, 3.4 கிலோ. பிறந்த கையோடு அவள் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், நல்லவேளை, தாழ்ந்துபோகவில்லை. எனக்கு மொத்தம் கூடியது 8 கிலோ.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே 75 கிராம். இந்த முறை 118. ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாடி நடைக்கு இப்போது அத்தையும் வருகிறார்.