அடுப்பில்லாத கிறிஸ்துமஸ் பலகாரம்

பீனட் பட்டர் உருண்டையை முள்கரண்டியில் ஏந்தி, உருகிய சாக்லேட்டில் முக்கித் தூக்கினாள் பேத்தி. கிண்ண விளிம்பில் இரண்டு தட்டு. மிச்சம் வழிந்து மெல்லிய பளபளப்பு மட்டும் நின்றது.

"பாட்டி, சீக்கிரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க!"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் நடுக்கோடை. வெளியே வைத்தால் சாக்லேட் இறுகவே இறுகாது.

பீனட் பட்டர், வெண்ணெய், ஐசிங் சர்க்கரை, நொறுக்கிய டென்னிஸ் பிஸ்கட் (இங்கே கிடைக்கும் தேங்காய் பிஸ்கட்). பிசைந்து உருட்டினால் சரி. சாக்லேட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, திரிதிரியாகிவிடும்.

தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி பக்கம் பிள்ளைகளை விடமாட்டோம். அப்புறம் பலகாரம் செய்யத் தெரியவில்லை என்று குறைபடுவோம். கை பழக இதுதான் நல்ல தொடக்கம்.

தெருவில் எல்லா வீட்டுக்கும் தட்டு போகிறது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டா என்று முதலில் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.