ஐந்து கடைகளில் விலை கேட்டேன்

மகள் பாலிடெக்னிக்கில் சேரவிருந்ததால் மேசைக் கணினி ஒன்று வாங்க, எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இரண்டு கடைகளிலும் பக்கத்து நகரமான ஈப்போவில் மூன்று கடைகளிலும் விலை கேட்டேன். 1,850 ரிங்கிட்டிலிருந்து 2,600 ரிங்கிட் வரை ஐந்து விலைகள் வந்தன. ஆகக் குறைந்தது எங்கள் ஊர்க் கடையில்தான். முன்பணம் கட்டப் போனவளைத் தடுத்தது அவர்கள் கொடுத்த தாளில் இருந்த ஒரு வரி: "ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் பவர் சப்ளை." கணினியின் மூளையான பிராசசரைத் (ரைசன்) தவிர வேறு எதற்கும் தயாரிப்பாளர் பெயரோ மாடல் எண்ணோ இல்லை.

அந்தப் பிராசசரில் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே இருப்பதால் அது தற்காலிக நினைவகமான ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். எனவே 16 ஜிபி ஒரே குச்சியாக வருகிறதா, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வருகிறதா என்பதைப் பொறுத்து வேகம் வெகுவாக மாறும்; இரண்டு குச்சிகள்தான் வேகம். கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியும் அப்படித்தான்: பழைய இணைப்பு முறையான சாட்டா வகையின் படிக்கும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பியோடு நின்றுவிட, புதிய முறையான என்விஎம்இ வகையில் நல்லவை 3,000 எம்பியைத் தாண்டும். இதைக் கேட்டதற்குக் கடைத் தம்பி, "எல்லாம் ஒன்னுதான் அக்கா" என்றார். ரப்பர்ப் பால் நிறுக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதும் எண்ணை எட்டிப் பார்க்காமல் என் அப்பா ஒருநாளும் நகர்ந்ததில்லை; எனக்கும் நகர மனம் வரவில்லை.

அன்றிரவே ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண் குறித்து, நானே ஒரு பட்டியல் எழுதினேன். பொருத்துக்கூலி, அசல் விண்டோஸ் உரிமம், உத்தரவாத ஆண்டுகள், அட்டையில் கட்டினால் கூடுதல் உண்டா என்பவற்றுக்கும் தனி வரிகள் விட்டு, ஐந்து கடைகளிலும் அதே தாளை நீட்டி, விலையும் தேதியும் எழுதிக் கடை முத்திரை வைத்துத் தரக் கேட்டேன். ஒரு கடை மறுத்துவிட்டது. மற்ற நான்கின் விலைகளுக்கிடையே 140 ரிங்கிட்தான் வித்தியாசம். 1,850 என்ற கடை இப்போது 2,390 எழுதியது. விலை ஏழு நாளுக்குத்தான் செல்லும் என்று இரண்டு கடைகள் சேர்த்து எழுதின. பாகங்கள் டாலர் விலையில் இறக்குமதியாவதால் அதை நான் குறையாக எண்ணவில்லை.

ஈப்போ கடையொன்றில் 2,310 ரிங்கிட்டுக்கு முடித்தேன். கணினியை எடுக்கப் போனபோது பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லி, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ரேம் இரண்டு குச்சிகளாகவே இருந்தது. பவர் சப்ளை மட்டும் வேறு மாடல். முத்திரை வைத்த தாளைக் காட்டியதும், வாதம் செய்யாமல் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.