மறதிப் பாடத்தையே மறந்த கதை

உளவியல் தேர்வை முதல் முறை எழுதியபோது, மறதி வளைகோட்டை, அதாவது படித்தது நாளாக நாளாக எவ்வளவு மறந்துபோகிறது என்று காட்டும் கோட்டை, வரைந்து விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. அந்தப் பாடத்தை ஆறு முறை படித்திருந்தேன். வண்ண வண்ணமாகக் கோடு வேறு போட்டிருந்தேன். படம் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. படத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை. மறதிப் பாடத்தையே மறந்துவிட்டுத் தேர்வு எழுதியவன் நான்.

ஆறாவது முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தை 'தெரியும்' என்று எடுத்துக்கொண்டேன். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் நினைவுகூர்வது வேறு. தேர்வு கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

இதை ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40. எனக்கு உறைத்தது வேறொன்று. தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். என்னைப் போல.

சரி என்று புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் எழுத ஆரம்பித்தேன். இருபது பக்கப் பாடத்துக்கு முதல் நாள் நான்கு வரி வந்தது. அவமானமாக இருந்தது. மறுநாள் தாளை எடுக்கவே மனம் வரவில்லை. பலன் தரும் முறைதான் மனத்தைச் சோர்வடையவும் வைக்கிறது. எந்த வழிகாட்டியும் எனக்கு இதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சினிமா என்று எனக்கு நானே பரிசு வைத்துப் பார்த்தேன். பிடித்த பாடங்கள்கூடக் கூலி வேலை மாதிரி ஆகிவிட்டன. உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். பின்னர் பரிசு இல்லாதபோது அவர்களின் ஆர்வம் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. முன்பே ஆசை இருந்த விஷயத்தில் நடந்தது இது. எனக்குப் புள்ளியியல் மேல் எந்த ஆசையும் கிடையாது, அதனால் அதற்கு மட்டும் சினிமாவை விட்டுவைத்தேன்.

மற்றவற்றுக்குக் கைகொடுத்தது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன 'இது நடந்தால் இதைச் செய்வேன்' வகைத் திட்டம். 'நாளை நன்றாகப் படிப்பேன்' என்று முடிவெடுப்பதை நிறுத்தினேன். 'பல் துலக்கியதும் நேற்றைய பாடத்துக்குப் பத்து நிமிடம் வெற்றுத் தாள்', அவ்வளவுதான். நான்கு வரி வந்தாலும் சரி, விட்டுப்போனதைப் புத்தகத்தில் பார்த்துச் சிவப்பில் எழுதி மூடிவிடுவேன். சிவப்பு குறைவதைப் பார்க்கத்தான் அப்புறம் ஆசை வந்தது.

ஏன் மறுநாளே? காரணம் அந்த மறதி வளைகோடுதான். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, 1885இல் வெளியிட்ட கணக்கு அது. மறுபடி கற்கும்போது, முதல் முறையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை அவர் அளந்தார். இருபது நிமிடத்தில் அது 58 சதவீதம், ஒரு நாளில் சுமார் 34, ஒரு மாதத்துக்குப் பிறகும் 21. சரிவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பொருள் புரிந்து படித்தது இவ்வளவு வேகமாகப் போகாது. 'ஒரே நாளில் எல்லாம் போய்விடும்' என்று இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். அடுத்த பார்வை மறுநாள், அதற்கடுத்தது நான்கைந்து நாள் கழித்து, பிறகு இரண்டு வாரம் என்று எனக்கு வசதியாக இடைவெளி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை தேர்வில் மறதி வளைகோட்டைக் கேட்கவே இல்லை. ஊக்கம் பற்றிய கேள்விக்குச் சான்றிதழ்க் குழந்தைகளை எழுதிவிட்டு வந்தேன். வளைகோட்டை இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், கேட்கத்தான் ஆளில்லை.