மாதக் கடைசியில்தான் தெரியும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதியைக் கணக்கில் வைத்துத்தான் நிறுவனம் முழுக்க சிஸ்டங்களை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பெட்டி மாற்றும் வேலை. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, அடுத்த மேசைக்குப் போ. அந்தப் பகுதி உண்மையிலேயே அவ்வளவுதான். விண்டோஸும் மென்பொருள்களும் சேர்ந்த தயார் நகலான இமேஜ், நெட்வொர்க் வழியாகத் தானாக ஏறும். நாம் கேபிளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்கலாம்.

எது தேறும், எது தேறாது என்று பிரிப்பதில்தான் முதல் தலைவலி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், கணினியை எழுப்பிவிடும் மென்பொருளின் புது வகையான யூஇஎஃப்ஐ வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம் போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏழாம் தலைமுறை ஐ7 வெளியே போனது. அதைவிட மெதுவான எட்டாம் தலைமுறை ஐ3 தப்பித்தது. "நல்லாத்தானே ஓடுது, தம்பி?" என்று கேட்டவர்களிடம் நான் மழுப்பவில்லை. ஓடும், ஆனால் இனி பாதுகாப்பு அப்டேட் வராது; காசு கட்டி வாங்கலாம், அந்தக் கட்டணம் வருடா வருடம் இரட்டிப்பாகும் என்று சொன்னேன். அதற்குள் இன்னொரு வேடிக்கை. டிபிஎம் இல்லை என்று பட்டியல் காட்டிய பல இயந்திரங்களில் அது இருக்கத்தான் செய்தது. இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில், பயாஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தொடக்க அமைப்புகளுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் நல்ல இயந்திரங்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

திட்ட மேலாளரின் ஷீட்டில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு வரி. லாகின் ஆகிறது, மெயில் வருகிறது, பிரிண்டர் அடிக்கிறது என்றால் வரி பச்சையாகிவிடும். அந்தப் பச்சையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. தினமும் செய்யும் வேலையில் கோளாறு இருந்தால் முதல் நாளே கத்திவிடுவார்கள். பழைய ஸ்கேனர் புது சிஸ்டத்தின் ஃபோல்டருக்கு அனுப்ப மறுக்கும். பார்த்தால் அது நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த ஸ்கேனர், 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸில் அந்த முறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. இதெல்லாம் நல்ல கோளாறு. காலையில் தெரியும், மதியத்துக்குள் ஒரு வழி பண்ணிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை அப்படியில்லை. சம்பளம், வரித் தாக்கல், கணக்கு முடிப்பு எல்லாம் அன்றைக்கு நடந்தே ஆக வேண்டியவை. நாம் மாட்டிவிட்டுப் போய் மூன்று வாரம் கழித்து, நேரமே இல்லாத ஒரு நாளில் அது நிற்கும்.

சம்பளக் கணக்கு போடும் எக்ஸெல் மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்த சின்ன புரோகிராம், நல்ல உதாரணம். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். பழைய சிஸ்டத்தில் 32-பிட் ஆஃபிஸ், புதியதில் 64-பிட். ஆஃபிஸ் 2019 முதல் நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் 64-பிட்தான் ஏறுகிறது. விண்டோஸை நேரடியாகக் கூப்பிடும் வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல் இல்லையென்றால் 64-பிட்டில் அந்த மேக்ரோ கம்பைலே ஆகாது, அதாவது ஓடவே தொடங்காது. ஆனால் ஃபைல் ஒழுங்காகத் திறக்கும்; எண்கள் எல்லாம் தெரியும். பட்டனை அழுத்தினால்தான் விஷயம் வெளியே வரும், பட்டனை அழுத்துவது மாதத்தில் ஒருநாள்.

அதைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஏற்கெனவே கட்டம் அச்சிட்ட படிவத்தின் மேல் எண்களை அடிப்பார்கள். அந்தத் தாளின் அளவை யாரோ ஒருவர் பழைய விண்டோஸில் ஒரு 'ஃபார்ம்' ஆகப் பதிந்து வைத்திருந்தார். அது பிரிண்டரிலும் இல்லை, டிரைவரிலும் இல்லை. புது சிஸ்டத்தில் டெஸ்ட் பேஜ் அழகாக வந்தது, வரி பச்சையானது. மாதக் கடைசியில் படிவம் போட்டபோது ஒவ்வொரு தாளுக்கும் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டன. பழைய இயந்திரத்தைத் தேடியெடுத்து, பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸில் அந்த அளவைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் சரியானது. அது அதற்குள் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஸ்கேலை வைத்துத் தாளை அளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஆரம்பத்தில் எல்லோரிடமும், "உங்க வேலைக்கு என்னென்ன சாஃப்ட்வேர் வேணும்?" என்று கேட்டோம். "எக்ஸெல், மெயில், அவ்வளவுதான்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அப்புறம் கேள்வியை மாற்றினோம்: "மேடம், போன மாசக் கடைசியில என்ன செஞ்சீங்க? ஒண்ணொண்ணா திறந்து காட்டுங்க." பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் எல்லாம் வெளியே வந்தது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் மேசை டிராயரிலிருந்து வந்தது. டி டிரைவில் ஒரு ஃபோல்டர். அதைக் கிடங்குப் பிரிவும் ஷேர் வழியாகத் திறக்கிறது என்பது மேடத்துக்கே மறந்துபோயிருந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் விண்டோஸின் சாவியோடு பூட்டப்பட்டவை, ஃபோல்டரை நகலெடுத்தால் கூட வராது. அவுட்லுக்கில் இரண்டு எழுத்து தட்டியதும் வரும் பெயர்களைத்தான் பலர் முகவரிப் புத்தகமாக நினைத்திருக்கிறார்கள். அது வராவிட்டால் மெயிலே போய்விட்டது என்பார்கள்.

இப்படி உட்காருவதால் வேகம் குறைந்தது, மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு, வாடகைக்கு எடுத்த பழைய இயந்திரங்களைத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும். பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். கணக்கு, மனிதவளம், கிடங்கு ஆகிய மூன்று பிரிவுகளின் பழைய சிஸ்டங்களை ஒரு மாத முடிப்பு தாண்டும் வரை அழிக்கக் கூடாது. ஷீட்டிலும் அதுவரை அந்த வரி மஞ்சளாகவே இருக்கும். மேலிடத்துக்குக் காட்டும் ஷீட்டில் மஞ்சள் அதிகம் தெரிகிறது என்று அவர் புலம்பியது வேறு கதை.

காலாண்டு முடிப்பு ஒன்று தாண்டியாகிவிட்டது, ஆண்டு முடிப்பு இன்னும் வரவில்லை. கணக்குப் பிரிவின் பழைய சிஸ்டங்களில் சிலவற்றை அதுவரை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன். ஸ்டோர் ரூமில் இடம் இல்லை என்பதுதான் இதுவரை வந்திருக்கும் பதில்.