பாரிசவாத விடுதியில் இயன் மருத்துவராக

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இயன் மருத்துவம் (பிசியோதெரபி) படித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்று, நகரிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையில் பணியேற்றது வரையிலான கதையில் படிவங்களும் காத்திருப்புமே அதிகம். தொழிலை நான் கற்கத் தொடங்கியது வைத்தியசாலையின் பாரிசவாத (பக்கவாத) நோயாளர் விடுதிக்கு, அதாவது வார்டுக்கு, அனுப்பப்பட்ட பின்னர்தான்.

காலையில் நோயாளரின் விவரங்கள் எழுதப்படும் கட்டில் சீட்டை எடுத்து, மூளை ஸ்கேனில் தெரிந்தது அடைப்பா இரத்தக்கசிவா, இரவில் குருதி அமுக்கம் எப்படி இருந்தது, வாயால் உணவு கொடுக்கலாமா என்பவற்றைப் பார்த்து, தாதியிடமும் விசாரித்த பின்னரே நோயாளரிடம் செல்வேன். உறவினர்களுக்கோ பொறுமை இருப்பதில்லை. "மிஸ், அப்பாவ இன்னைக்கே நடக்க வைக்க ஏலுமா?" என்பதே அநேகமாக முதற் கேள்வி. சீக்கிரம் எழுப்புவது நல்லது என்றுதான் நாங்களும் படித்தோம். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. 2015இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான 'அவெர்ட்' ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்துக்குள் எழுப்பி அடிக்கடி இயங்கவைக்கப்பட்டவர்களுள் மூன்று மாதங்களின் பின் நன்கு தேறியிருந்தோரின் விகிதம், வழமையான பராமரிப்புப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே முதலில் கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்காரவைத்து, தலைசுற்றுகிறதா என்று கேட்டு, குருதி அமுக்கத்தை மீண்டும் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நாட்களும் உண்டு.

எனக்கு அதிக கவலை தருவது தோள்மூட்டு. அதன் குழி ஆழமற்றது. மேற்கை எலும்பின் தலையை அதில் நிறுத்திவைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்கே பெரும் பங்கு. அவை தளர்ந்துவிட்டால் கையின் பாரமே எலும்பைக் கீழே இழுத்துவிடும். இது தெரியாமல், பாசத்தோடுதான், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள்; செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். பிறகு வரும் தோள்வலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். சுவரில் ஒட்டிய அறிவுறுத்தல்களை யாரும் வாசித்ததாக எனக்குத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு மகளின் விரலைப் பிடித்து, தந்தையின் தோள் விளிம்புக்குக் கீழே மெல்ல வைத்துக் காட்டினேன். விரல் நுனி அமிழும் அளவுக்கு அங்கே பள்ளம் இருந்தது. அதன் பின்னர் அந்தக் கையைத் தலையணையில் தாங்கிவைக்கும்படி மற்றவர்களுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

எழுந்து நிற்கப் பழக்கும்போது பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துவைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் வரை முன்னே சாயச் சொல்வோம்; பலமிழந்த முழங்கால் மடங்காதபடி என் முழங்காலால் தாங்கிக்கொள்வேன். எங்கள் விடுதிக் கட்டில்களோ உயரமானவை. குள்ளமானவர்களின் பாதம் தரையில் படாது. மரப்படி ஒன்றைத் தேடிக் கொண்டுவருவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஒரு நாளில் ஒரு நோயாளருக்கு என்னால் ஒதுக்க முடிவது சொற்ப நேரமே. மீதி நேரமெல்லாம் அவரைப் புரட்டுவதும் உட்காரவைப்பதும் குடும்பத்தவரே. ஆகையால் நண்பகலில் பார்வையாளர் வரும் வேளையில் நானும் விடுதியில் நிற்கும்படி என் வேலையை மாற்றிக்கொண்டேன். வீட்டில் எத்தனை படிகள், கழிப்பறையில் குந்தி உட்கார வேண்டுமா, இரவில் யார் துணை என்பதையெல்லாம் அப்போதே கேட்டு எழுதிக்கொள்வேன். மாடிவீட்டில் இருப்பவரென்றால், படியேறும் பயிற்சி முடியும்வரை அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாமென வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதும் என் வேலைதான்.