கடல் மேல் நின்ற கண்டக்டர்

நேற்று ராத்திரி ராமேஸ்வரம் கடைசி பஸ். பாம்பன் பாலத்தில் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால், கண்டக்டர் வெளியே கடலுக்கு மேல் நின்று டிக்கெட் அடித்துக்கொண்டிருக்கிறார்! தோள் பை, காதில் செருகிய பேனா எல்லாம் அவ்வளவு தெளிவு. பஸ்ஸுக்குள் நிற்பவரின் பிம்பம்தான், வெளியே இருட்டு என்பதால் கண்ணாடியில் அப்படித் தெரிந்தது.

கச்சேரி மேடைகளில் ஹாலோகிராம் என்று, ஆளே நிற்பது போன்ற உருவத்தைக் காட்டுகிறார்களே, பல சமயம் இதே வித்தைதான். 1996-ல் இறந்த அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் 2012-ல் அங்கே கோச்செல்லா இசை விழா மேடையில் 'பாடியது' இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சாய்வாக இழுத்துக் கட்டி, படத்தை அதில் பிரதிபலிக்க விட்டார்கள். லண்டனில் பெப்பர் என்பவர் 1862-லேயே கண்ணாடியை வைத்து மேடையில் பேய் காட்டிவிட்டார். நிஜ ஹாலோகிராம் லேசரில் பதிவது, அது வேறு சங்கதி.

பக்கத்து சீட் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நம்ம ஊர் திருவிழாவுக்கு எஸ்.பி.பி.யையே கொண்டாந்துரலாம்ல தம்பி?"

கொண்டு வரலாம்ணே. ஆனால் கச்சான் காத்துக்கு நம்ம பந்தல் துணியே நிக்க மாட்டேங்குது. அந்தத் தாள் லேசாக ஆடினாலே பாடகர் இடுப்பு நெளிந்துவிடும்.

"சரி, ஆர்க்கெஸ்ட்ராவே போதும்" என்று தங்கச்சிமடத்தில் இறங்கிப் போய்விட்டார்.