திருகாணியிலிருந்து தொடங்குங்கள்: பழைய கிட்டார் சிந்தசைசர் பெட்டியின் பூர்வீகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கமோ பீனிக்ஸ் பக்கமோ ஒரு வீட்டுக் கராஜைக் காலி செய்யும்போது ஒரு பழைய கிட்டார் சிந்தசைசர், அதாவது கிட்டார் வாசிப்பை வேறு ஒலியாக்கும் மின்னணுப் பெட்டி, கிடைக்கும். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசித்த பழைய இசைக்குழுவின் மிச்சம் அது. தகர உடம்பு, முகப்பில் வரிசையாக ஸ்லைடர்கள், பக்கத்தில் கிட்டார் ஜாக். எழுத்துகள் தேய்ந்திருக்கும், அல்லது யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். கொண்டுவருபவர்கள் சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: "மாமா வச்சிருந்தது அண்ணா, லண்டன்லேருந்து கப்பல்ல வந்ததாம். என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

லண்டனிலிருந்து வந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லண்டனில் வாங்கிய பெட்டி நியூயார்க்கில் செய்ததாகவும் இருக்கலாம், ஒசாகாவில் செய்ததாகவும் இருக்கலாம். வடிவமைத்த ஊர், செய்த ஊர், விற்ற ஊர், பிறகு இங்கே கைவைத்த ஊர் என்று ஒவ்வொன்றும் பெட்டிக்குள் தனித்தனித் தடயம் விட்டுவைத்திருக்கும். பழுதுபார்க்கும் அவசரத்தில் முதலில் அழிவது இந்தத் தடயங்கள்தான். பழைய பாகத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டபின் பூர்வீகம் கேட்டால் பதில் கிடைக்காது. அதனால் எங்கள் பட்டறை வழக்கம் இது: முதலில் படம், பிறகு அளவு, பிறகு எழுத்து. சால்டரிங் அயர்ன் கடைசியில்தான் சூடாகும்.

பெயர்ப்பலகையைவிடத் திருகாணியை நம்புவோம். மூடியின் திருகுகள் பல கை மாறியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரையும் போர்டையும் பிடித்திருக்கும் உள்திருகுகளைப் பாருங்கள். ஒன்றைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரில் 10 மரைகளின் நீளத்தை அளக்க வேண்டும். 5.0 மில்லிமீட்டர் வந்தால் எம்3 என்ற மெட்ரிக் திருகு, ஜப்பானோ ஐரோப்பாவோ. 6.35 வந்தால் அமெரிக்க 4-40. 7.9 வந்தால் அதுவும் அமெரிக்க வகைதான், 6-32. 5.3க்குப் பக்கத்தில் வந்தால் 6பிஏ, 6.6 வந்தால் 4பிஏ. இரண்டும் பழைய பிரிட்டிஷ் அளவுகள். காலிப்பர் இல்லாவிட்டால் ஒரு புது எம்3 திருகைக் கையால் விட்டுப் பாருங்கள். 4-40 மரைக்குள் அது இரண்டு சுற்று போய் இறுகிவிடும். இறுகியதும் நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினால் மரை போய்விடும், தடயமும் அதோடு போய்விடும்.

திருகு சொன்னதைப் பாகங்கள் ஆமோதிக்கின்றனவா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். திறந்த உலோகச் சட்டமுள்ள ஸ்விட்ச்கிராஃப்ட் ஜாக் அமெரிக்கப் பக்கம் கை காட்டும். கறுப்புப் பிளாஸ்டிக் கிளிஃப் ஜாக் இங்கிலாந்தைக் காட்டும். பழுப்பு உருளையாக வழவழவென்று இருக்கும் ஆலன்-பிராட்லி கார்பன் ரெசிஸ்டர், ஸ்ப்ரேக் அல்லது மல்லோரி கப்பாசிட்டர் என்றால் அமெரிக்கா. நிச்சிகான், எல்னா, நிப்பான் கெமிகான் என்றால் ஜப்பான். மிட்டாய் மாதிரி நிறப்பட்டைகள் போட்ட தட்டையான சி280 பாலியெஸ்டர் கப்பாசிட்டர் முல்லார்டு, ஃபிலிப்ஸ் வழி வந்தது. 1970களின் பிரிட்டிஷ், ஐரோப்பியக் கருவிகளில் நிறைய இருக்கும். எந்த ஒரு பாகத்தையும் தனியாக எடுத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஜப்பான் கப்பாசிட்டரை உலகம் முழுக்க வாங்கினார்கள். திருகு, ஜாக், ரெசிஸ்டர் மூன்றும் ஒரே நாட்டைச் சொன்னால் நம்பலாம்.

தேதிக்கு வருவோம். வால்யூம் பாட் என்பது குமிழின் பின்னாலுள்ள பொட்டென்ஷியோமீட்டர். அமெரிக்க பாட் ஒன்றின் முதுகில் முத்திரையிட்ட எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் செய்த நிறுவனம் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். 1377823 என்றால் 1978ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐசிகளில், அதாவது பல கால் உள்ள சில்லுகளில், அதே மாதிரி நான்கு இலக்கம், ஆண்டும் வாரமும். ஜப்பான் பாகங்கள் சிலவற்றில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும். அதைப் பத்தாண்டுக்குள் பொருத்த வேறு சாட்சி வேண்டும்.

இதில் சறுக்கும் இடம் இரண்டு. முதலாவது, 7815 என்று கண்டதும் 1978, 15ஆவது வாரம் என்று எழுதிவிடுவது. மூன்று கால் உள்ள பாகமாக இருந்தால் அது வோல்ட்டேஜை 15இல் நிலையாக நிறுத்தும் ரெகுலேட்டரின் பெயர். உண்மையான தேதி அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டாவது, பாட் தேதியைப் பெட்டியின் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்வது. தொழிற்சாலைகள் பாட்களை மொத்தமாக வாங்கி வருஷக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தின. 1966 முத்திரை போட்ட பாட்கள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துச் செய்த ஃபெண்டர் கிட்டார்களில் இருப்பது தெரிந்த விஷயம். பாகத்தின் தேதி "இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது" என்பதை மட்டும்தான் சொல்லும். எல்லாத் தேதிகளையும் எழுதி, கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாகப் பிந்தி நிற்பதைத் தள்ளிவிடுங்கள். அது பின்னாளில் மாற்றிய பாகமாக இருக்கும். மீதியில் ஆகக் கடைசித் தேதியை எடுத்து, அதற்குப் பிறகு செய்தது என்று எழுதுங்கள்.

ஒரு பாகம் தொழிற்சாலையில் வைத்ததா, பிறகு மாற்றியதா என்பதைச் சால்டரே சொல்லும். பழைய ஈயச் சால்டர் மினுமினுப்பாக, பக்கத்தில் தேன் நிறப் பிசினோடு இருக்கும். ஈயமில்லாத சால்டர் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். ஐரோப்பாவின் ஈயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின்தான் அது பரவலானது. 1970களின் போர்டில் நாலு மங்கலான புள்ளிகள் தெரிந்தால், அந்த நாலும் இந்த நூற்றாண்டில் யாரோ தொட்டவை.

இனி டிரான்ஸ்ஃபார்மர். தென்னாப்பிரிக்காவில் உயிர் விஷயமும் இதுதான், பூர்வீகத்தின் ஆணித்தரமான சாட்சியும் இதுதான். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானின் உள்நாட்டுப் பெட்டி 100 வோல்ட். வயரில் இங்கத்திய மூன்று உருண்டை முனைப் பிளக் இருக்கிறது என்பதற்காகச் சுவரில் செருகாதீர்கள். பிளக்கில் தென்னாப்பிரிக்கத் தர நிறுவனமான எஸ்ஏபிஎஸ்ஸின் முத்திரை இருந்தால் பிளக்கை இங்கே மாட்டினார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினார்கள் என்று அர்த்தமில்லை.

எந்த வோல்ட்டேஜுக்குச் செய்தது என்று தெரிய ஆபத்தில்லாத வழி ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் சுவர் மின்சாரம் நுழையும் சுற்று பிரைமரி, போர்டுக்கு மின்சாரம் தரும் சுற்று செகண்டரி. செகண்டரி வயர்களைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். பிரைமரிக்கு 12 வோல்ட் ஏசி அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுத்துச் செகண்டரியை மல்டிமீட்டரில் அளங்கள். போர்டில் 15 வோல்ட் ரெகுலேட்டர்கள் இருந்தால், செகண்டரிச் சுற்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 வோல்ட் தர வேண்டியதாக இருக்கும். இந்தச் சோதனையில் 1.8 வோல்ட் வந்தால் பிரைமரி 120க்குச் சுற்றியது. 0.9 பக்கம் வந்தால் 230க்குச் சுற்றியது. 2.1க்கு மேல் வந்தால் 100 வோல்ட் ஜப்பான் என்று சந்தேகிக்கலாம்.

வயர் நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்க வயரில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். நம் வீட்டுச் சுவர் வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அந்தப் பழக்கத்தில் யாரோ கறுப்பை நியூட்ரலில் மாட்டிய பெட்டிகள் வருகின்றன. பெட்டி வேலை செய்யும், ஆனால் ஸ்விட்ச் நியூட்ரல் பக்கம் போய்விடுவதால், அணைத்த பிறகும் உள்ளே லைவ் நிற்கும். இரண்டு முனை அமெரிக்கப் பிளக்கோடு வந்த தகரப் பெட்டிக்கு எர்த்தே கிடையாது. பழைய வயரை எடுத்துப் பையில் போட்டுவிட்டு மூன்று வயர் கேபிள் மாட்டுங்கள்: பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் நேராகத் தகரத்துக்கு. இதில் விலைமதிப்பைப் பார்த்துத் தயங்குவது சரியல்ல. கிட்டார் கம்பியைத் தொடும் கைக்கு எர்த் வேண்டும்.

60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், 120 வோல்ட்டே கொடுத்தாலும் இரும்புக்குள் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் அது சீக்கிரமே கொதித்துவிடலாம். 230ஐ 110 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் பரவாயில்லை. 100 வோல்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் 100ஐ 50ஆல் வகுத்தாலும் 120ஐ 60ஆல் வகுத்தாலும் ஒரே விடை. ஆனால் செகண்டரி வோல்ட்டேஜும் ஆறில் ஒரு பங்கு குறையும். 7815க்குள் போகும் வோல்ட்டேஜ் 17.5க்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று அளந்த பிறகே அதை நிரந்தரமாக்குங்கள். முதல் தடவை ஓட்டும்போது மின்வழியில் தொடராக (சீரீஸில்) ஒரு 25 வாட் இழை பல்பு, அடுப்புக்குள் போடுகிற வகை, இருக்கட்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் சரி. தொடர்ந்து எரிந்தால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் வடிகட்டிக் கப்பாசிட்டரோ ரெக்டிஃபையரோதான். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் அடிபட்ட பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நாட்டையும் காலத்தையும் பிடித்த பிறகு, பெட்டி என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். கிட்டார் சிந்தசைசர் என்ற பெயரில் இரண்டு வேறு இனங்கள் இருக்கின்றன. ஒன்று, கிட்டாரின் சொந்த ஒலியையே அறுத்து, பாதியாக்கி, ஃபில்டரில் விடுவது. மற்றது, சுருதியைக் கண்டுபிடித்து, தானே ஒலி அலை எழுப்பும் தனி ஆசிலேட்டரை இயக்குவது. போனிலுள்ள டோன் ஜெனரேட்டரிலிருந்து 110 ஹெர்ட்ஸ், 100 மில்லிவோல்ட் அளவில் கொடுத்து ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். 55 ஹெர்ட்ஸில் சதுர அலையும் 220இல் ஒரு அலையும் வந்து, உள்ளீட்டை எடுத்ததும் அடியோடு நின்றுபோனால் பெரும்பாலும் முதல் இனம். போர்டில் சிடி4013 என்ற, அலைவெண்ணைப் பாதியாக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் ஐசி இருந்தால் கீழ் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி கீழான ஒலி, அங்கிருந்து வருகிறது. டையோடு ஜோடி மேல் ஆக்டேவைத் தரும். கீழ் ஆக்டேவ் தடுக்கித் தடுக்கி வந்தால் உடனே ஐசியைக் குறை சொல்லாதீர்கள். பல கம்பிகளை ஒன்றாக மீட்டிக் கார்டு வாசித்தாலோ, தடித்த ஈ கம்பியில் இரண்டாம் ஹார்மோனிக் ஓங்கினாலோ நல்ல பெட்டியும் தடுக்கும். நெக் பிக்-அப், டோன் குறைத்து, ஒற்றைக் கம்பியில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முதல் இனத்தில் அமெரிக்கத் திருகு, பத்து ஸ்லைடர், உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் என்று வந்தால், 1970களின் கடைசியில் நியூயார்க்கில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் செய்த மைக்ரோ சிந்தசைசராக இருக்க நிறைய வாய்ப்பு. அந்த நிறுவனத்தின் 1970களின் பெட்டிகள் பலவற்றில் 27 வெஸ்ட் 23ஆவது தெரு என்ற முகவரி அச்சிட்டிருக்கும். பெயின்ட் அடியில் அது மிஞ்சியிருக்கிறதா என்று சாய்வான டார்ச் வெளிச்சத்தில் தேடுங்கள். பிரிட்டிஷ் திருகும் சி280 கப்பாசிட்டரும் காலடிப் பெடல்களோடு கூடிய வார்ப்புப் பிளாஸ்டிக் முகப்பும் சேர்ந்தால், லண்டன் இஎம்எஸ் நிறுவனத்தின் சிந்தி ஹை-ஃப்ளை என்று சந்தேகப்படலாம். அது மிக அபூர்வம். அதைத் தொடும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இரண்டாம் இனத்தை ஜாக்கே காட்டிக்கொடுக்கும். 24 முனை அகலக் கனெக்டர் இருந்தால் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம்: 1977இல் ஜிஆர்-500, 1980இல் ஜிஆர்-300. ஆறு கம்பிக்கும் தனி பிக்-அப் உள்ள கிட்டார் இல்லாமல் அவற்றின் சிந்தசைசர் பேசாது. ஆய்வகக் கருவிகளின் ஜிபிஐபி கேபிளும் அதே வடிவக் கனெக்டர்தான். ஆனால் அதில் எர்த் முனைகளை உள்ளேயே சேர்த்துவிட்டிருக்கலாம். முனைக்கு முனை மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகினால் சிக்னல் எர்த்தில் போய் விழும். கறுப்பு எபாக்சியில் முக்கிய 4075 என்ற ஃபில்டர் கட்டி தெரிந்தால் அது ஏஆர்பி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டி. 1977இல் வந்த அவதார், ஒடிஸி சிந்தசைசரிலிருந்து கீபோர்டை எடுத்துவிட்ட உறவுக்காரன். ஏஆர்பி 1981இலேயே மூடிவிட்டது, பாகத்துக்கு வேறு பெட்டியைத்தான் அறுக்க வேண்டும்.

இங்கே கைவைத்த தடயத்தைக் குறையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1986இல் நிறவெறி ஆட்சிக்கு எதிரான அமெரிக்கத் தடைச் சட்டம் வந்த காலத்தில் பல வெளிநாட்டு நிறுவனங்கள் இந்த நாட்டை விட்டு வெளியேறின. கைக்குக் கிடைத்ததை வைத்துக் கருவியை வாசிக்க வைத்த ரிப்பேர்காரர்களின் வேலை அந்தப் போர்டுகளில் இருக்கிறது. சிடி4013ஏ இருந்த இடத்தில் 4013பி இருந்தால் அது நல்ல வேலை. பி வரிசை கூடுதல் வோல்ட்டேஜ் தாங்கும். அதைப் பிடுங்கி "அசல்" தேடத் தேவையில்லை. சிஏ3080 என்ற ஐசி கிடைக்காமல், அதற்குப் பதிலாக எல்எம்13700 ஐசியின் ஒரு பாதியைச் சிறு பலகையில் வைத்திருந்தால், சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடற்கரை ஈரம்தான் இந்த ஊரின் நிரந்தர எதிரி. உப்புக்காற்று ஸ்லைடரின் உலோக நாக்கைக் கறுக்க வைக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு, முப்பது நாற்பது தடவை மேலும் கீழும் ஓட்டினால் பெரும்பாலானவை மீளும். கார்பன் தடமே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் நகரும் நீளத்தை அளங்கள். ஸ்லைடரை நடுவில் நிறுத்தி ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள்: மொத்தத்தில் பாதி வந்தால் லீனியர், 10 முதல் 20 சதவீதம் வந்தால் ஆடியோ வகை. மாற்றி வாங்கினால் ஃபில்டர் வேகம் முழுக்க ஸ்லைடரின் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும்.

கழற்றியது எதையும் எறியாதீர்கள். பழைய ஸ்லைடர், வயர், கப்பாசிட்டர் எல்லாம் ஜிப் பையில் போய்ப் பெட்டியோடு சேர்ந்து உரிமையாளரிடம் போக வேண்டும். கூடவே ஒரு தாள்: திருகு வகை, பாகத் தேதிகள், டிரான்ஸ்ஃபார்மர் அளவு, எந்தப் பாகத்தை எந்த மாதம் மாற்றினோம் என்பது. குடும்பம் சொன்ன கதையையும் அதில் எழுதுகிறோம், "குடும்பத்தார் சொன்னது" என்று குறிப்பிட்டு, அளந்தவற்றிலிருந்து தள்ளி, தனி வரியில்.